காரை எலும்புக்குக் கீழே ஒரு சந்து

கோத்தகிரிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், போன ஐப்பசியில், மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாளோடு வந்து உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் இறுக்கமான பட்டை. "மூணு மாசமாப் போட்டிருக்கேன் தம்பி, ஒண்ணும் கேக்கல" என்றார். நான் குன்னூரில் பிசியோதெரபி பார்க்கிறவன். எந்த விரல் மரத்துப்போகிறது என்று கேட்டேன். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் பிடித்துக் காட்டினார். அதோடு நிறுத்தாமல், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உள்பக்கத்தை ஒரே இழுப்பாகத் தடவி, "இந்த ஓரம் பூரா எறும்பு ஊருது" என்றார்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரலில் பாதியும் சேரலாம். சுண்டுவிரல் அந்த நரம்பின் எல்லைக்குள் வராது. முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தோலும் வராது. மூன்று மாதமாகப் பட்டை போட்டிருந்த இடத்தில் கோளாறே இல்லை என்பது அப்போதே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

எப்போது அதிகமாகிறது என்று கேட்டேன். "இலையைப் பைல போடுறப்ப" என்றவர், எழுந்து நின்று செய்தே காட்டினார். இரண்டு கையாலும் கிள்ளுகிறார். பிடி நிறைந்ததும் வலது கை தோளுக்கு மேலே போய் முதுகுப் பக்கம் திறக்கிறது. மறுபடி முன்னால். பத்துப் பன்னிரண்டு தடவை செய்ததும் கையைத் தொங்கவிட்டு உதறினார். "இதைக்கூடப் பொறுத்துக்கலாம். தலைவாரும்போதுதான் முடியல. கொண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தரம் கையைக் கீழ எறக்கிடணும்."

கையைத் தூக்கினால் மரத்துப்போகிறது, இறக்கினால் தெளிகிறது. மரப்பு சுண்டுவிரல் ஓரத்தில். காரை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்தடிக் குழியில் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் அதே எறும்பு அதே ஓரத்தில் ஊர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது தோரசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். பெயர் நீளம். வருகிறவர்களிடம் நான் 'தோள் சந்து நெருக்கம்' என்றுதான் சொல்கிறேன். அது உடனே புரிந்துவிடுகிறது.

கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பும் ரத்தக்குழாயும் ஒரே வழியாகத்தான் போயாக வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரோடு, ரயில் தண்டவாளம், காட்டாறு மூன்றும் ஒரே மலையிடுக்கில் நெருங்கி வரும் இடங்கள் அங்கே உண்டு. ஒரு பக்கம் மண் சரிந்தால் எது அடைபடும் என்பது சரிந்த இடத்தைப் பொறுத்தது. நம் தோளிலும் அப்படித்தான். கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பிப் பின்னிக்கொண்டு கைக்கு வருகின்றன. கூடவே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, திரும்பக் கொண்டுவரும் சிரை.

இவை கடக்கும் வாசல்கள் மூன்று. முதலாவது கழுத்தின் பக்கவாட்டில் இருக்கிற முக்கோணம். முன்னும் பின்னும் ஸ்கேலீன் என்ற தசைகள், அடியில் முதல் விலா எலும்பு. நரம்புகளும் தமனியும் இதற்குள்ளே போகின்றன. சிரை மட்டும் முன்தசைக்கு வெளியே ஒதுங்கிப் போகிறது. இரண்டாவது, காரை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே உள்ள இடுக்கு. கையைத் தூக்கினாலும், தோளைக் கீழே பின்னால் இழுத்தாலும் காரை எலும்பு விலாவை நெருங்கி இந்த இடுக்கு சுருங்கும். மூன்றாவது, மார்பின் மேல்மூலையில் பெக்டோரலிஸ் மைனர் என்ற சின்னத் தசைக்கு அடியில். கூன் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தசை நாளடைவில் குறுகி இறுகிவிடும். அப்புறம் கை மேலே போகும்போதெல்லாம் நரம்புக்கற்றை அதன் அடியில் மாட்டிக்கொண்டு இழுபடும்.

ஏன் சுண்டுவிரல் முதலில் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஐந்து வேர்களில் கடைசி இரண்டும் சேர்ந்து உண்டாகும் தண்டு முதல் விலாவின் மேலேயே படுத்திருக்கிறது. விலா சற்று மேலே தூக்கப்பட்டாலும் சரி, தோள் சற்றுக் கீழே தொங்கினாலும் சரி, முதல் அடி அந்தத் தண்டுக்குத்தான். சுண்டுவிரல், மோதிர விரல், முன்கையின் உள்ளோரம் மூன்றுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது அதுதான்.

சிலருக்குக் கழுத்திலேயே ஒரு உபரி விலா இருக்கும். 100 பேரில் ஒருவருக்கும் குறைவு, பெண்களிடம் சற்று அதிகம். அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வருவதில்லை. 1861இல் லண்டனில் கூட் என்ற அறுவை மருத்துவர் அப்படி ஒரு கழுத்து விலாவை வெட்டி எடுத்தார். அதிலிருந்து வெகுகாலம் இந்த நோயை எலும்புக் கோளாறாகவும், பின்னர் 1927இல் ஆட்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதியதை ஒட்டித் தசைக் கோளாறாகவும், கத்தி வைத்துத் தீர்க்க வேண்டிய ஒன்றாகவே பார்த்தார்கள். தோரசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்ற பெயர் 1956இல்தான் வந்தது, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பீட் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையில். அந்தக் கட்டுரை எதைப் பற்றியது தெரியுமா? ஒரு உடற்பயிற்சித் திட்டம் எவ்வளவு பலன் தருகிறது என்பதைப் பற்றியது. நோய்க்குப் பெயர் வைத்த கையோடு அவர்கள் பயிற்சியைத்தான் முன்னால் வைத்தார்கள். அறுவையா, ஊசியா என்று பதறி வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இந்த நோயில் மூன்று வகை. நரம்பு நசுங்குவது ஒன்று. 100 பேரில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு இதுதான். சிரை நசுங்குவது, தமனி நசுங்குவது மற்ற இரண்டும். அவை அரிது. ஆனால் அவசரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீலகிரியில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் கொழுந்து பறிக்கிற வேலைதான். இந்தச் சந்தை நெருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரு வேலையில் இருக்கிறது.

பையை எடுத்துக்கொள்வோம். தோளில் மாட்டிய பை நிறைய நிறைய, வார் காரை எலும்பின் மேலேயே அழுத்துகிறது. மழை இலை என்றால் எடை இன்னும் ஏறும். சாக்கில் கட்டிய வெறும் நைலான் கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த அக்காவின் வலது தோளில் கயிறு பதிந்த தடம், சட்டையைச் சற்று விலக்கியதும் கறுத்த கோடாகத் தெரிந்தது. தோள் கீழே இழுபட இழுபட இரண்டாவது வாசல் குறுகும். கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்குத் தோள் தப்பிக்கிறது. ஆனால் எடை முழுதும் கழுத்துக்குப் போய், ஸ்கேலீன் தசைகள் இறுகுகின்றன. முதல் வாசலில் நெருக்கம்.

இன்னொன்று மூச்சு. இதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்கேலீன் தசைகளுக்கு இரட்டை வேலை. கழுத்தைத் தாங்குவதோடு, மூச்சு வாங்கும்போது முதல் விலாவை மேலே தூக்குவதும் அவைதான். நிதானமாக இருக்கும்போது வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள உதரவிதானமே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடும். கடல்மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கு மேலே, முதுகில் 10, 15 கிலோவோடு, சறுக்கும் சரிவில் எடை போடும் இடத்துக்கு ஏறுகிறவருக்கு அந்த நிதானம் எங்கே? கழுத்தால் இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடுகிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் முதல் விலா மேலே வருகிறது. வருஷக்கணக்கில் இப்படியே பழகினால், உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்தாலேயே மூச்சு விடுவார்கள். அந்த அக்காவும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுகூட ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு மாதிரி புடைத்து அடங்கியது.

செடியின் உயரமும் ஒரு விஷயம். கவாத்து வெட்டிய பிறகு செடி தாழ்ந்து, பறிக்கும் மட்டம் இடுப்பளவில் இருக்கும். தென்னிந்தியத் தோட்டங்களில் ஒரு கவாத்துக்கும் அடுத்த கவாத்துக்கும் பொதுவாக 4 முதல் 6 வருஷம். வருஷா வருஷம் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கடைசி வருஷத்தில் குள்ளமான ஒருவருக்கு அது நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது முழங்கை உடம்பை விட்டு விலகி, தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு, நாள் முழுக்க அந்தரத்தில் நிற்கும். வலி எப்போது தொடங்கியது என்று கேட்பதோடு, எந்தக் காட்டில் பறித்தபோது (தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் இங்கே காடு என்பார்கள்), அது கவாத்தாகி எத்தனை வருஷம் என்றும் நான் இப்போது கேட்கிறேன். விலை இல்லை என்று கவாத்தைத் தள்ளிப்போட்ட சிறு விவசாயிகளின் தோட்டங்களில் இது கூடுதலாகக் கண்ணில் படுகிறது. பச்சை இலைக்குச் சரியான விலை கிடைக்காதது, சுற்றிச் சுற்றி ஒரு பெண்ணின் தோளில் வந்து இறங்குகிறது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

தேயிலைக்காரர்களுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை இது. காரட் மூட்டை சுமப்பவர், குழந்தையை ஒரே பக்கம் இடுப்பில் வைத்துக்கொள்ளும் தாய், கனமான புத்தகப்பை மாட்டி பஸ் பிடிக்கும் பிள்ளை என்று பலருக்கும் வரலாம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் குளிருக்குப் பயந்து கட்டிலிலேயே, கம்பளிக்குள் சுருண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எட்டு மணிநேரம் ஓட்டுகிறார்கள். கழுத்து முன்னால் நீண்டு, தோள் உருண்டு, பெக்டோரலிஸ் மைனர் குறுகுவதற்கு அதைவிட வேறு வழி வேண்டியதில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பயன்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை முன்னால் பார்க்க, கால்பந்து கோல்கம்பம் மாதிரி வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் விரல்களை மூடி மூடித் திறக்க வேண்டும். நல்ல உடம்புக்கும் தோள் சலிக்கும். சலிப்பு வேறு, மரத்துப்போவது வேறு. அந்த அக்கா 40 வினாடியில் வலது கையைக் கீழே போட்டுவிட்டார். இடது கையை மூன்று நிமிடமும் வைத்திருந்தார். கழுத்தைத் திருப்பி மூச்சை இழுத்து நாடியைப் பார்க்கும் ஆட்சன் சோதனையைப் பல இடங்களில் பெரிதாகச் சொல்வார்கள். நோயே இல்லாதவர்கள் பலருக்கும் அதில் நாடி குறையும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு.

ஒரே சோதனையில் முடிகிற காரியமில்லை இது. கழுத்து வட்டு பிதுங்கியிருந்தால் கழுத்தைத் திருப்பும்போதும் சாய்க்கும்போதும் வலி கைக்கு ஓடும். கையைத் தலைமேல் வைத்தால் பெரும்பாலும் சுகமாக இருக்கும். இது அதற்கு நேர் எதிர். முழங்கையில் நரம்பு நசுங்கினாலும் சுண்டுவிரல் மரக்கும், ஆனால் முன்கையின் உள்ளோரம் தப்பிவிடும். சர்க்கரை நோயில் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும். கழுத்து விலா இருக்கிறதா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே போதும். நரம்புச் சோதனை எடுப்பதும் நல்லதுதான், மணிக்கட்டையும் முழங்கையையும் கழித்துவிட உதவும்.

ஆனால் ஆரம்ப கட்டத்தில் அந்த அறிக்கை பெரும்பாலும் 'நார்மல்' என்றே வரும். இங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். "எல்லாம் சரியா இருக்கு, மனசுலதான்" என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பப்பட்டு, வீட்டிலும் அதே பேச்சைக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நரம்பு இன்னும் சேதமாகவில்லை, எரிச்சலடைந்து மட்டும் இருக்கிறது என்பதே அந்த 'நார்மல்'. கெட்ட செய்தி இல்லை அது. பயிற்சியில் திரும்பிவிடக்கூடிய கட்டத்தில் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு வராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, கனத்து, நீலம் பாரித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கடுமையாகக் கைவேலை செய்கிற இளவயதினருக்கு இது வரும். ஒரு கையின் விரல்கள் வெளுத்து, சில்லிட்டு, நுனியில் புண் வந்தால் தமனி. கட்டைவிரலடிச் சதை வற்றிக் குழி விழுந்தால் நரம்பு வெகுநாளாக நசுங்கிக் கிடக்கிறது என்று பொருள். நம் ஊரில் ஒரு சிக்கல் என்னவென்றால், மார்கழியில் எல்லோருடைய கையும்தான் சில்லிட்டிருக்கும். தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி படிந்த காலையில் யார் கையைத் தொட்டாலும் பனிக்கட்டி. அதனால் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்து வெளுத்திருந்தால், அடுப்பருகே கொஞ்ச நேரம் காட்டியும் அது மட்டும் தெளியாவிட்டால், காத்திருக்கக் கூடாது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பார்க்கக் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கலாம், அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.

இனி சிகிச்சை. அந்த அக்காவிடம் நான் முதலில் சொன்னது மூச்சைப் பற்றி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து, வயிற்றுக் கை மட்டும் எழும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம். "கை மரத்துப்போகுதுன்னு வந்தா மூச்சு விடச் சொல்றீங்களே" என்றார். கண்ணாடியில் அவர் கழுத்தையே காட்டினேன். கயிறு புடைப்பது அவருக்கும் தெரிந்தது. அதன்பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. ஸ்கேலீன் ஓய்வு பெறாமல் மேலே எதைச் செய்தாலும் பாதிதான் பலன்.

தூக்கமும் முதல் வாரத்திலேயே சரிசெய்ய வேண்டியது. கையைத் தலைக்கு மேலே போட்டுத் தூங்குவது, வலிக்கிற பக்கமே படுப்பது இரண்டும் ஆகாது. மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை வைத்துக்கொண்டால் தோள் கீழே தொங்காது. இரவில் நரம்பு ஓய்வெடுத்தால்தான் பகலில் பயிற்சியைத் தாங்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து தசையை நீட்டும் பயிற்சிகள். கதவு நிலையில் முன்கையைச் சாய்த்து வைத்து, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தால் மார்பின் மேல்மூலை இழுபடும். அதுதான் பெக்டோரலிஸ் மைனர். முழங்கையைத் தோளுக்குக் கீழேயே வைத்துத் தொடங்க வேண்டும். மேலே வைத்தால் நீட்டுகிற பயிற்சியே நரம்பை நசுக்கிவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக் கதவு நிலை இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கழுத்துக்கு, தாடையை மெல்ல உள்ளே இழுத்து, தலையை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்து 20 வினாடி. அப்புறம் நரம்பை வழுக்கவிடும் பயிற்சி. நரம்பை நீட்டிப் பிடித்து நிறுத்தக் கூடாது. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் தளர்த்தி, உறைக்குள் கத்தி போய் வருகிற மாதிரி முன்னும் பின்னும் ஓடவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்: பயிற்சியில் மரத்துப்போகத் தொடங்கினால் அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்து. வலித்தால்தான் பலன் என்ற நம்பிக்கை இந்த நோயில் ஆளைக் கெடுக்கும்.

பலப்படுத்தும் பயிற்சி கடைசியில். தோள்பட்டை எலும்பை முதுகோடு ஒட்டிப் பிடிக்கிற தசைகளுக்குத்தான் அது. இங்கே ஒரு எச்சரிக்கை. கூனலுக்குப் பரிகாரமாக எல்லோரும் சொல்வது, 'நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் கீழே இழு.' குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் சிப்பாய்கள் நிற்கிற நிலை அது. அந்த நிலையில்தான் காரை எலும்பு முதல் விலாவின் மேல் வந்து உட்காரும். 1943இல் ஃபால்கனர், வெட்டெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த இடுக்கில் ரத்தக்குழாய் நசுங்குவதை எழுதினார்கள். இன்றைக்கும் அந்த நெருக்கத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குள்ள சோதனைக்கு 'மிலிட்டரி பிரேஸ்' என்றே பெயர். ஏற்கெனவே சுமையால் தோள் தொங்கிப்போன ஒருவரை அப்படி நிற்கச் சொன்னால் நோயை நாமே வளர்க்கிறோம். அவருக்குத் தோள் சற்று மேலே, சற்றுப் பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்; மணிக்கு ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும்.

மாத்திரை, ஊசி எல்லாம் துணைக்குத்தான். எரிச்சல் அடங்கினால் பயிற்சி எளிதாகும், அவ்வளவே. நரம்பு வகைக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்ப்பதே முதல் வழி. பெரும்பாலோருக்கு அதிலேயே கணிசமாகக் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு முதல் விலாவை எடுக்கும் அறுவை உண்டு. 1966இல் ரூஸ் என்பவர் அக்குள் வழியாக அதைச் செய்யும் முறையை எழுதினார். மூன்று நிமிடக் கைச் சோதனையும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

பயிற்சி ஒரு மணிநேரம், வேலை எட்டு மணிநேரம் என்றால் எது ஜெயிக்கும்? அதனால் காட்டில் என்ன மாற்றலாம் என்பதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 'வேலைக்குப் போகாதே' என்று எழுதிக் கொடுப்பது எனக்கு எளிது. கிலோக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது வைத்தியமாகாது.

அந்த அக்காவின் பைக் கயிற்றை எடுத்துவிட்டு, பழைய சீட் பெல்ட் துணியை நாலு விரல் அகலத்துக்கு வாராகத் தைக்கச் சொன்னேன். வாரைக் கழுத்தோரம் போடாமல் குறுக்காக மாட்டி, பை இடுப்புப் பக்கம் வரும்படி இறக்கினோம். இப்போது கை தோளுக்கு மேலே போக வேண்டியதில்லை. முழங்கையை மடக்கியபடி பக்கவாட்டிலேயே இலை பைக்குள் விழும். பெரிய மாற்றம் இதுதான். ஒரு நாளில் எத்தனை நூறு தடவை அந்தக் கை மேலே போய் வந்திருக்கும்! ஒரு நாள் வலது, மறுநாள் இடது என்று தோளை மாற்றச் சொன்னேன். பை முழுதும் நிறையும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொட்டினால் நடை கூடும், எடை குறையும். இதற்கு வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி சம்மதிக்க வேண்டும். சாக்கு விரிக்கும் இடத்தைப் பறிக்கிற காட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நடையும் கூடாது. செலவில்லாத காரியம். தோட்டக்காரர்கள் மனசு வைத்தால் போதும்.

சரிவில் செடிக்குக் கீழே நின்று பறித்தால் கை மேலே போகும், மேலே நின்று பறித்தால் இறங்கும். எல்லா வரிசையிலும் இது நடக்காது. நடக்கிற இடத்தில் செய்யலாம். உயரம் ஏறிய காட்டை நெட்டையான ஆட்களுக்கும், கவாத்தாகி இரண்டாம் வருஷக் காட்டை மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். கத்தரியால் வெட்டுகிறவர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெட்டப் பழக வேண்டும். மழுங்கிய கத்தரிக்குத் தோளின் பலம் இரட்டிப்பாக வேண்டும். தீட்டி வைத்திருப்பதே பாதி வைத்தியம். மெஷின் பிடிக்கிறவர்கள் அதன் எடை ஒரே தோளில் தொங்காமல் இரண்டு தோளிலும் இடுப்பிலும் பரவும்படி வார் மாட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு ஒரே வரி: கட்டிலை விட்டு மேஜைக்கு வா, திரையைக் கண் மட்டத்துக்குத் தூக்கு, முழங்கைக்கு அடியில் தாங்கல் வை. குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம், தோளைக் குறுக்கிக்கொள்ள வேண்டாம்.

வாரா வாரம் குன்னூருக்கு பஸ் ஏறி வர முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அக்கா பத்து வாரம் வந்தார். நடுவில் இரண்டு வாரம் வரவில்லை. தை மாதம், ஊரில் விசேஷம். நாலாவது வாரத்தில் ஒரு நாள் மறுபடி மோசமாகி வந்தார். பயிற்சியில் தப்பா, பையில் தப்பா என்று துருவித் துருவிக் கேட்டதில், துணி காயப்போடும் கொடி தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருப்பது தெரிந்தது. மழை விட்ட அன்று ஒரு வாரத் துணியையும் ஒரே மூச்சில் காயப்போட்டிருக்கிறார். கொடியை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிக் கட்டச் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் அன்றைக்கே கட்டிக்கொடுத்துவிட்டாராம்.

கடைசியாக வந்தபோது மறுபடி அந்த மூன்று நிமிடச் சோதனை. இரண்டு கையையும் தூக்கி, விரலை மூடித் திறந்துகொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் தாண்டியது, இரண்டு தாண்டியது. 2 நிமிடம் 40 வினாடியில், "இப்பத்தான் லேசா ஊருது" என்றார். கைகளை இறக்கச் சொன்னேன். கொண்டை பற்றி நான் கேட்கவில்லை, அவரே தலையைத் திருப்பிக் காட்டினார். "ஒரே தடவைல போட்டேன்."

கிளம்பும்போது, "பக்கத்து லைன் புள்ள ஒண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கேன் தம்பி, அவளுக்கும் இதே ரெண்டு விரல்தான்" என்றார். எட்டிப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் முப்பது வயதுக்குள் ஒரு பெண், மணிக்கட்டில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார்.